ழாதின் கீழே ஒரு புள்ளி

அன்பளிப்பு நெஞ்சங்களை இணைக்கும் என்று நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்துள்ளார்கள். ஆட்டின் குளம்பே ஆயினும் அண்டை வீட்டார் கொடுப்பதை அற்பமாகக் கருதலாகாது என்றும் அறிவுறுத்தியுள்ளார்கள். அவர்கள் அன்பளிப்பை ஏற்றுக்கொள்வார்கள், அதற்கு ஈடாகத் தாமும் ஒன்றைக் கொடுப்பார்கள் என அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். இவற்றையெல்லாம் நாம் மத்ரஸாப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் சொல்லிக் கொடுக்கிறோம். ஆயினும் ஓர் அன்பளிப்பு, முன்பின் அறியாத ஒருவருடைய கடன் கணக்கையும் சுமந்துகொண்டு நம் கைக்கு வந்து சேரக்கூடும் என்பதைக் கடந்த ரபீஉல் அவ்வல் மாதத்தில்தான் கண்டோம்.

அதைக் கொடுத்தவர் நம்முடைய பள்ளித் தோழர். பத்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் அமர்ந்து படித்தோம். பிறகு நாம் ஓதுவதற்காக அரபிக் கல்லூரிக்குச் சென்றோம். அவர் தம் தந்தையின் காயலான் கடையில் அமர்ந்தார். அவர் இந்து சமயத்தைச் சேர்ந்தவர். முப்பது ஆண்டுகளாக நம் நட்புக்கு ஒரு குறையும் நேர்ந்ததில்லை. ஒருநாள் அஸருக்குப் பின், துணியில் சுற்றிய ஒரு பொதியை இரு கைகளாலும் ஏந்தியபடி மத்ரஸாவுக்கு வந்தார்.

"மச்சான், இது உங்க வேதப் புத்தகம்லா? எடைத்தட்டுல வைக்க மனசு வரல. மூணு வருசமா மேல் தட்டுலயே தனியா வச்சிருந்தேன். ஒங்க கையில இருந்தாத்தான் சரி" என்றார்.

பிரித்துப் பார்த்தோம். முன்னட்டையும் முதல் சில தாள்களும் இல்லை. கடைசி அட்டை மட்டும் தோலுறையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தாள்கள் தேயிலைச் சாயம் ஏறியதுபோல் பழுத்திருந்தன. எழுத்து அரபி, கல்லச்சில் பதித்தது. ஆனால் அது குர்ஆன் அன்று. முதலில் கண்ணில் பட்ட வரியை வாய்விட்டு வாசித்தோம். ஒளு செய்யும்போது முகத்தை எங்கிருந்து எதுவரை கழுவ வேண்டும் என்பதை விளக்கும் பகுதி அது.

நண்பர் திகைத்துவிட்டார். "ஏ மச்சான், இது தமிழ்லா!" என்றார்.

ஆம், தமிழ்தான். அரபி எழுத்தில் எழுதப்பட்ட தமிழ். நம் முன்னோர் இதனை அரபுத்தமிழ் என்றும் அர்வி என்றும் அழைத்தார்கள். தமிழகக் கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் மார்க்கச் சட்டங்கள், வரலாறுகள், துதிப் பாடல்கள், மருத்துவக் குறிப்புகள் எனப் பலவும் இவ்வெழுத்தில் எழுதப்பட்டன. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் எனும் இமாமுல் அரூஸ் (1816–1898) அவர்கள் அரபியிலும் அரபுத்தமிழிலும் நூல்கள் இயற்றியவர்கள். தமிழெழுத்தைக் கற்கும் வாய்ப்புப் பெறாத பெண்களும், குர்ஆன் ஓதக் கற்ற அதே எழுத்தைக் கொண்டு மார்க்க அறிவை வீட்டிலிருந்தபடியே அடைந்தார்கள். பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காத நம் பாட்டிமார் பலர், ஒளு, தொழுகை, நோன்பு ஆகியவற்றின் சட்டங்களைத் தெளிவாக அறிந்திருந்தது இப்படித்தான்.

அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கு அவர்கள் புதிய எழுத்துகளை அமைத்துக்கொண்டார்கள். இருக்கும் எழுத்தில் புள்ளிகளைக் கூட்டுவதே அதற்கான வழி. ஜீமுக்குப் புள்ளி கூட்டிச் சகரம் செய்தார்கள். ஃபாவுக்குப் புள்ளி கூட்டிப் பகரம் செய்தார்கள். தாலுக்குக் கீழே புள்ளியிட்டு டகரம் செய்தார்கள். ழகரத்திற்கு அவர்கள் தேர்ந்தெடுத்தது ழாது எனும் எழுத்தை. ரமழான், காழி என்று நாம் சொல்லும்போது நாவில் வருவது அவ்வெழுத்தே. அரபு மக்கள் தம் மொழியை ழாதின் மொழி என்றே பெருமையோடு அழைப்பார்கள். தமிழரும் தம் மொழிக்கு ழகரமே சிறப்பு என்பார்கள். இரு மொழிகளும் பெருமை கொள்ளும் எழுத்துகளை ஒரே ஒரு புள்ளியால் இணைத்துவிட்டார்கள் நம் பெரியவர்கள். தொழுகை என்ற சொல்லில் அந்தப் புள்ளி இருக்கிறது, கழுவுதல் என்ற சொல்லிலும் இருக்கிறது. நண்பரிடம் அவ்வெழுத்தைக் காட்டியபோது, விரலை வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று இஷாவுக்குப் பின் கிதாபை முழுவதுமாகப் புரட்டினோம். அச்சிட்ட பகுதி முடிந்ததும், கடைசியில் நான்கு வெற்றுத் தாள்கள் சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தன. அவற்றில் கறுப்பு மையில், பழகாத கையெழுத்தில், அதே அரபுத்தமிழில் ஒரு கணக்கு இருந்தது. ஒவ்வொரு வரியிலும் ஹிஜ்ரி ஆண்டு. அதன் அருகே சிறு நெடுங்கோடுகள். 1352இல் தொடங்கி 1371இல் முடிகிறது. ஆங்கிலக் கணக்கில் அது ஏறத்தாழ 1933 முதல் 1952 வரை. சில ஆண்டுகளில் ஆறு கோடுகள், சிலவற்றில் ஏழு. ஒவ்வொரு கோட்டின் மீதும் பின்னர் ஒரு குறுக்குக்கோடு இழுக்கப்பட்டிருந்தது.

அது என்ன கணக்கு என்பதை நம் வீட்டுப் பெண்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ரமழானில் விடுபட்ட நோன்புகளின் கணக்கு அது. கழா நோற்றதும் அந்தக் கோட்டை அடித்திருக்கிறார்கள்.

1361ஆம் ஆண்டின் வரியில் முப்பது கோடுகள் இருந்தன. அருகில் இரண்டே சொற்கள்: "பிள்ளை மவுத்து." பிரசவத்தின் காரணமாக அந்த ரமழான் முழுவதும் நோன்பு இல்லை, பிறந்த குழந்தையும் தங்கவில்லை என்று விளங்கியது. அந்த முப்பது கோடுகளும் அடிக்கப்பட்டிருந்தன. குழந்தையை இழந்த ஒரு தாய், அக்குழந்தைக்காக விடுபட்ட நோன்புகளை ஒன்றன்பின் ஒன்றாக நோற்று முடித்திருக்கிறார்கள். எவரும் கேட்காத கணக்கு. அல்லாஹ்வுக்கும் அவர்களுக்கும் இடையில் மட்டும் இருந்த கணக்கு.

1365இல் மீண்டும் முப்பது கோடுகள். "ஆண் பிள்ளை, ரமழான் பிறை 3" என்ற குறிப்பு. அவையும் அடிக்கப்பட்டிருந்தன. கடைசி வரி 1371. ஏழு கோடுகள். அவற்றில் ஒன்றின் மீதும் குறுக்குக்கோடு இல்லை. அதற்குப் பின் தாள் வெறுமையாகக் கிடந்தது.

இந்தக் கிதாபை என்ன செய்வது? நண்பர் விலை கொடுத்து வாங்கியது, மனமுவந்து நமக்கு வழங்கியது. மார்க்கச் சட்டப்படி அது நம் உடைமை. அரபுத்தமிழ் கற்பிக்க இத்தகைய ஒரு பழம்பிரதி கிடைப்பது அரிது. பல நாட்களாக நாம் ஆசைப்பட்ட பொருளும்கூட. ஆனால் தாளும் மையும் நம்முடையவை ஆகலாம். அந்த ஏழு கோடுகள் நம்முடையவை ஆகுமா? நோன்பு கடமையாகி இருந்த நிலையில் ஒருவர் இறந்தால், அவருடைய பொறுப்பாளர் அவர் சார்பில் நோன்பு நோற்கலாம் என்று ஹதீஸ் உண்டு. கழா நோற்க அவகாசம் கிடைத்தும் நோற்காமல் இறந்தவருக்காக, ஒரு நோன்புக்கு ஒரு முத்து வீதம் உணவு தானியம் ஃபித்யாவாகக் கொடுக்கலாம் என்பதும் ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். முத்து என்பது நடுத்தர மனிதர் இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு. ஏழு இரட்டைக் கையளவு அரிசி. அற்பமான அளவுதான். எனினும், கொடுக்கக் கடமைப்பட்டவர்களுக்குத் தகவலே தெரியாதே!

மறுநாள் நண்பரின் கடைக்குச் சென்று விவரத்தைக் கூறினோம். பாகப்பிரிவினைக்காக இடிக்கப்பட்ட ஒரு பழைய வீட்டிலிருந்து, செம்பு அண்டாவோடும் ஒரு மரப்பெட்டியோடும் அந்தக் கிதாபு வந்ததை அவர் நினைவில் வைத்திருந்தார். தெருவையும் சொன்னார். அந்த மஹல்லாவின் ஜமாஅத் அலுவலகத்தில் விசாரித்தோம். குடும்பம் சென்னைக்குக் குடிபெயர்ந்துவிட்டது என்றும், பேரர் ஒருவரின் தொலைபேசி எண் இருக்கிறது என்றும் சொல்லித் தந்துதவினார்கள்.

பேரரிடம் பேசினோம். அவர் தம் வாப்பாவிடம் கொடுத்தார். எண்பதை நெருங்கும் பெரியவர். தம் உம்மா வஃபாத்தானபோது தமக்கு ஆறு வயது என்றார். உம்மாவின் புகைப்படம் ஒன்றும் இல்லை. முகம் நினைவில் இல்லை. தொழுகைக்கு விரிக்கும் வெள்ளைத் துப்பட்டி மட்டும் நினைவிருக்கிறது என்றார்.

1365ஆம் ஆண்டின் வரியை வாசித்துக் காட்டினோம். மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை. பிறகு அவர் மெல்லிய குரலில், பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் தாமாக எழுதிவிட்ட பிறந்த நாளைத்தான் இத்தனை காலமும் எல்லாத் தாள்களிலும் எழுதி வந்தேன் என்றார். "ஹஜ்ரத், நான் ரமழான்லயா பிறந்தேன்? எனக்காகவா உம்மா முப்பது நோன்பு பிடிச்சாக?" என்று கேட்டார். ஆம் என்றோம். வேறொன்றும் சொல்ல இயலவில்லை.

ஏழு கோடுகளைப் பற்றியும் கூறினோம். குறுக்குக்கோடு இல்லை என்பதாலேயே நோற்கவில்லை என்று முடிவு கட்ட இயலாது. அவ்வாண்டு முழுவதும் நோயுற்றே இருந்து வஃபாத்தாகியிருந்தால், அது கடனாகவே ஆகியிராது. இவற்றையும் விளக்கினோம். பெரியவர் கேட்டுவிட்டு, பேணுதலாக ஃபித்யா கொடுத்துவிடுகிறோம் என்றார். ஏழு நோன்புகளையும் நானே நோற்கிறேன் வாப்பா என்று பேரர் அருகிலிருந்து சொன்னது நம் காதில் விழுந்தது.

கிதாபை அனுப்பி வைக்கும் முன் நண்பரிடம் தெரிவித்தோம். கொடுத்தவர் மனம் வருந்தலாகாதே என்ற எண்ணம் நமக்கு இருந்தது. அவரோ, "சேர வேண்டிய இடத்துக்குல்லா போகுது" என்று மகிழ்ந்தார். அச்சிட்ட பக்கங்களை மட்டும் குடும்பத்தாரின் அனுமதியோடு படி எடுத்துக்கொண்டோம். அவற்றைக் கொண்டு பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு இப்போது அரபுத்தமிழ் கற்பிக்கிறோம். கையெழுத்துத் தாள்களைப் படி எடுக்கவில்லை. ஒரு பெண்ணின் நோன்புக் கணக்கு பிறர் பார்வைக்கு உரியதன்று.

நண்பருக்கு ஈடாக எதையேனும் கொடுக்க வேண்டுமே! அவருடைய பெயரில் ஒரு ழகரம் உண்டு. நல்ல தாள் ஒன்றில், நாணல் பேனாவால், அவர் பெயரை அரபுத்தமிழில் எழுதிக் கொடுத்தோம். சட்டமிட்டுக் கடையில் மாட்டியிருக்கிறார். வருவோரிடம் அந்தப் புள்ளியைக் காட்டி, "இதுதான் நம்ம ழ" என்று சொல்கிறாராம்.

அன்பு வாசகர்களே, நம் வீடுகளின் பரண்களிலும் பழம்பெட்டிகளிலும் இத்தகைய கிதாபுகள் இன்னும் கிடக்கின்றன. அரபி எழுத்தைக் கண்டதும் குர்ஆன் என்று எண்ணி, கண்ணியம் கருதி அடக்கம் செய்துவிடுகிறோம், அல்லது கடலில் விட்டுவிடுகிறோம். அந்தக் கண்ணியம் போற்றத்தக்கதே. ஆயினும் அதற்குமுன் ஒருமுறை வாசிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். ஓரங்களையும் கடைசித் தாள்களையும் பாருங்கள். பிறந்தநாள், கொடுக்கல் வாங்கல், வஸிய்யத், விடுபட்ட நோன்பு என எதுவும் அங்கே இருக்கலாம். ஊரில் அரபுத்தமிழ் வாசிக்கும் மூத்த பெண்மணி எவரேனும் இருந்தால், பிள்ளைகளை அவரிடம் அனுப்புங்கள். குர்ஆன் ஓதத் தெரிந்த பிள்ளைக்கு இன்னும் சில எழுத்துகளே தேவை; நம் மாணவர்கள் ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டார்கள்.

நம்முடைய கடன்களையும், நோன்பாயினும் பணமாயினும், பின்வருவோர் கண்டெடுக்கும்படி தெளிவாக எழுதி வைப்போம். அந்தத் தாயின் நோன்புகளையும், அவர்களுக்காக நோற்கப்படும் நோன்புகளையும் அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.