ராத்திரி எட்டு மணிக்கு மேல்

சிறு அலுவலகங்களுக்குக் கம்ப்யூட்டர் பராமரிப்பது என் தொழில். ஆடிட்டர் ஆபீஸ், அச்சகம், பனியன் கம்பெனி என்று எங்கே போனாலும் சர்வரை அநேகமாக மாடிப்படிக்குக் கீழேதான் வைத்திருப்பார்கள், யூபிஎஸ்ஸுக்குப் பக்கத்தில். "ஏசிலதான் சார் இருக்கு" என்பார் முதலாளி. பகலில் இருக்கும். ராத்திரி எட்டு மணிக்குக் கடைசியாகக் கிளம்புகிறவர் ஏசியை அணைத்து ஜன்னலையும் சாத்திவிட்டுப் போவார். பதினோரு மணிக்கு பேக்கப் ஆரம்பிக்கும். டிஸ்க்குகளுக்கு வேலை அதிகமாவது அப்போதுதான். மத்தியானம் 34 டிகிரி காட்டிய டிஸ்க், சித்திரை மாதத்து நள்ளிரவில் 50-ஐத் தாண்டி நிற்கும்.

சூடு என்றால் உடனே பதற வேண்டியதில்லை. கூகுள் பொறியாளர்கள் 2007-இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து எழுதினார்கள். மிதமான சூட்டுக்கும் பழுதுக்கும் பெரிய தொடர்பு தென்படவில்லை. ரொம்பக் குளிர்ந்திருந்தவையே கூடுதலாகக் கெட்டுப்போயிருந்தன. மிக அதிகச் சூடு மட்டும், அதுவும் மூன்று வயது தாண்டிய டிஸ்க்குகளை, பாதித்தது. நம் ஊர்க் கவலை அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது. இங்கே யாரும் மூன்று வருஷத்தில் டிஸ்க்கை மாற்றுவதில்லை.

அதனால் பத்துப் பேர் ஆபீஸுக்கு நான் 5400 சுற்று டிஸ்க்கையே சிபாரிசு செய்வேன். 7200 சுற்றைவிடக் கரண்டும் சூடும் குறைவு. வேகம் போதாது என்பவர்கள் டேலி டேட்டாவை மட்டும் ஒரு ஜோடி எஸ்எஸ்டியில் போட்டுக்கொள்ளலாம். 2013-இல் வந்த ஹீலியம் அடைத்த டிஸ்க்குகள், உள்ளே காற்றின் உராய்வு குறைவதால் இன்னும் குளிர்ச்சியாக ஓடும். ஆனால் அவை பெரிய கொள்ளளவுக்காரர்களின் சமாசாரம்.

கடையில்தான் உஷாராக இருக்க வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் சர்வருக்கு என்று கேட்டாலும் சில கடைக்காரர்கள் சிசிடிவி டிஸ்க்கை எடுத்து நீட்டுவார்கள். கேமரா படத்தை இடைவிடாமல் எழுதத் தயாரானது அது, கணக்குக்கு வேண்டாம். அடுத்தது எஸ்எம்ஆர் ரகம். தடங்களைக் கூரை ஓடுபோல ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதுவதால் ஒரு தடத்தைத் திருத்தப் பக்கத்துத் தடங்களையும் மறுபடி எழுத வேண்டும். பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக இயக்கும் ரெய்டில் ஒரு டிஸ்க் போய் அந்த இடத்தில் இதைப் போட்டால், மறுகட்டமைப்பு நாள்கணக்கில் இழுக்கும். அத்தனை நாளும் மிச்ச டிஸ்க்குகள் கொதித்துக்கொண்டே உழைக்கும். டபிள்யூடி ரெட் வரிசையிலேயே சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்று 2020-இல் தெரியவந்து பெரிய ரகளையானது. பெயரை நம்பாமல், மாடல் எண்ணைப் பார்த்து, தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சிஎம்ஆர் ரகம்தானா என்று உறுதிசெய்துகொள்வது நல்லது.

ரெய்டுக்கு ஜோடியாக வாங்கும் இரண்டு டிஸ்க்கையும் ஒரே பெட்டியிலிருந்து எடுக்காதீர்கள். லேபிளில் தயாரிப்புத் தேதி இருக்கும். வேறு வேறு மாதமாகப் பார்த்து வாங்கினால் இரண்டும் ஒருசேரப் படுக்கிற வாய்ப்பு குறையும்.

மாட்டும்போது இரண்டுக்கும் நடுவே ஒரு தட்டைக் காலியாக விட்டு, முன்னால் ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேனைப் பொருத்தினால் நாலைந்து டிகிரி இறங்கும். பேக்கப்பை விடியற்காலை நாலு மணிக்குத் தள்ளினால் இன்னும் கொஞ்சம். அதற்குப் பைசா செலவில்லை. அதனாலோ என்னவோ, சொன்னால் முதலாளிகள் சந்தேகமாகத்தான் பார்க்கிறார்கள்.