ஏழு மாத டூர்

மீஞ்சூர்க்காரர்களுக்குத் தாம்பரம் என்பது கிட்டத்தட்ட வெளியூர். 1995-ல் எங்கள் வீட்டுக்கு அது வெளிநாடு.

அந்த வருஷம்தான் தாம்பரத்துக்குப் பக்கத்தில் கிஷ்கிந்தா திறந்தார்கள். இந்தியாவின் முதல் 3டி படமான 'மை டியர் குட்டிச்சாத்தா'னை 1984-ல் தயாரித்த நவோதயா அப்பச்சன் உருவாக்கிய பார்க். பேப்பரில் வந்த விளம்பரத்தை அப்பா பிளேடால் அறுத்தெடுத்து, தினசரி காலண்டர் அட்டைக்குப் பின்னால் செருகி வைத்தார். எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு ஷிஃப்ட் வேலை.

"மே மாசம் போறோம்" என்றார். அப்போது வீட்டில் தீபாவளிப் பலகாரமே தீர்ந்திருக்கவில்லை.

அன்றைக்கு ஆரம்பித்தது எங்கள் டூர். தினமும் கிழிக்கிற காலண்டர் தாளின் பின்பக்கம்தான் அப்பாவின் பிளானிங் நோட்டு. நாலு டிக்கெட், ரயில், பஸ், சோடா என்று வரிசையாக எழுதி, கடைசியில் 'அவசரம்' என்று ஒரு இருபது ரூபாய் போடுவார். சம்பளம் வாங்கியதும் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் கொஞ்சம் துட்டு விழும். நானும் தங்கச்சியும் பாட்டிலைக் கையில் எடுத்து ஆட்டிப் பார்ப்போம்.

ஒரு வார லீவு நாளில் அப்பா தனியாகக் கிளம்பினார். மீஞ்சூரில் ரயிலேறி சென்ட்ரல், அங்கிருந்து நடந்து பார்க் ஸ்டேஷன், மீட்டர்கேஜ் மின்சார ரயிலில் தாம்பரம், அப்புறம் பஸ். சாயங்காலம் திரும்பி வந்தவரிடம், "உள்ள எப்படிப்பா இருக்குது?" என்று கேட்டேன்.

"கேட் வரைக்கும்தான் போனேன். டிக்கெட் எவ்ளோ, எத்தினி மணிக்குத் திறக்குறாங்க, எல்லாம் கேட்டுக்கினு வந்துட்டேன்."

"அவ்ளோ தூரம் போயிட்டு உள்ள போகலியா?"

"நீங்க இல்லாம நான் இன்னாத்தப் பாக்குறது?"

அடுத்த மாதங்களில் வீட்டில் இதே பேச்சுதான். செயற்கை அலை வருகிற குளம் இருக்கிறதாம் என்றதும் அம்மா சிரித்தார். "காட்டுப்பள்ளி கடல்ல இல்லாத அலையா? துட்டு குடுத்துப் பாக்கணுமா?" ஆனால் அந்த அலையில் நனைந்தால் மாற்றிக்கொள்ள யாருக்கு எந்தத் துணி என்று முதலில் முடிவு பண்ணியதும் அம்மாதான். காலையில் ஆளுக்கு மூணு இட்லி என்பது அப்பாவின் உத்தரவு. வெறும் வயிற்றில் சுற்றினால் மயக்கம், நிறைந்த வயிற்றில் சுற்றினால் வாந்தி. எதில் முதலில் ஏறுவது என்று எனக்கும் தங்கச்சிக்கும் மூன்று சண்டை நடந்தது. இத்தனைக்கும் இரண்டு பேருமே அந்த இடத்தைப் பார்த்ததில்லை.

மே மாதம் வந்தது. கிளம்ப நாலு நாள் இருக்கும்போது தங்கச்சிக்கு அம்மை போட்டது. வாசலில் வேப்பிலை. அவளுக்குத் தலைக்குத் தண்ணி ஊற்றி முடிப்பதற்குள் எனக்குப் போட்டது. வேப்பிலைப் படுக்கையில் கிடந்து நான் அழுதது அரிப்புக்காக அல்ல.

அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னாடா இப்ப? பார்க் எங்கயும் ஓடிறாது. தேதி மட்டும்தான் மாறுது" என்றார். மறுநாளே காலண்டர் தாளில் புதுக் கணக்கு.

கடைசியில் 1997 பொங்கல் லீவில் போனோம். உண்மையைச் சொல்லட்டுமா? அந்த நாளில் எனக்கு ஞாபகம் இருப்பது மூன்றே விஷயம். மூக்கில் ஏறிய தண்ணி, திரும்பும்போது ரயிலில் தூங்கி வழிந்தது, அப்புறம் ஒரு மரத்தடியில் நாலு பைகளைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அப்பா. அவர் எதிலுமே ஏறவில்லை. அது எனக்கு உறைக்கப் பல வருஷம் ஆனது. ஆனால் அதற்கு முந்தைய மாதங்களில் பேசிய பேச்சு, ஹார்லிக்ஸ் பாட்டிலின் சத்தம், சண்டை எல்லாம் அட்சரம் பிசகாமல் இருக்கிறது.

இது என் ஒருவன் கோளாறு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். 2010-ல் நெதர்லாந்தில் யெரூன் நவைன் என்பவர் தன் குழுவோடு 1,530 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தினார். டூர் போகிறவர்கள் மற்றவர்களைவிடச் சந்தோஷமாக இருந்தது எப்போது தெரியுமா? போவதற்கு முன்னால். போய் வந்த பிறகு, ரொம்ப நிதானமாக ஓய்வெடுத்து வந்தவர்களைத் தவிர, பெரும்பாலோருக்கும் வீட்டிலேயே இருந்தவர்களுக்கும் வித்தியாசமே இல்லை.

பொருளாதாரக்காரர் ஜார்ஜ் லோவன்ஸ்டீன் 1987-ல் இதைவிடக் குறும்பாகக் கேட்டார். உங்களுக்குப் பிடித்த சினிமா நட்சத்திரம் ஒரு முத்தம் தருவார் என்றால், எவ்வளவு பணம் கொடுப்பீர்கள்? இப்போதே என்றால் எவ்வளவு, மூன்று நாள் கழித்து என்றால் எவ்வளவு? மூன்று நாள் கழித்துக் கிடைக்கிற முத்தத்துக்குத்தான் அதிக விலை சொன்னார்கள். நினைத்துக்கொண்டிருக்கவும் நேரம் வேண்டுமல்லவா!

பி.காம் படித்தவன் என்பதால் கணக்காகவே சொல்கிறேன். பார்க் டிக்கெட் ஒரு நாள் செலவு. பிளானிங் அதற்கு வருகிற வட்டி. வட்டி வேண்டும் என்றால் முதலை முன்கூட்டியே போட்டு வைக்க வேண்டும். வெள்ளி ராத்திரி செல்போனில் டிக்கெட் போட்டு, சனிக்கிழமை போய், ஞாயிற்றுக்கிழமை தூங்குகிறோமே, அதில் வட்டிக்கு ஏது இடம்?

போன வருஷம் அம்மா போய்விட்டார். அப்பாவுக்கு 74 வயது. மீஞ்சூர் வீட்டை விட்டு வர மாட்டேன் என்று தனியாக இருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது சுவரில் காலண்டர் பதினோரு நாள் பின்னால் நின்றிருந்தது. தினமும் முதல் வேலையாகத் தாள் கிழிக்கிற மனுஷர். "கிழிச்சு இன்னா ஆகப்போவுது?" என்றார். ராத்திரி வீட்டுக்குத் திரும்பியும் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அடுத்த வாரம் என் மகளைக் கூட்டிப் போனேன். 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் வொண்டர்லா திறந்திருந்தார்கள். "தாத்தா, நாம எல்லாரும் மே மாசம் போலாம். எனக்குப் பிளான் பண்ணத் தெரியாது. நீங்க போட்டுக் குடுங்க" என்றாள். அவளிடம் அப்படிச் சொல்லச் சொன்னது நான்தான்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கண்ணாடியைத் தேடினார்.

இப்போது தினமும் போன் வருகிறது. மீஞ்சூரிலிருந்து வண்டலூர் வரை 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை இருக்கிறதே, 2021-ல் முழுசாகத் திறந்தது, அதில் போய் கேளம்பாக்கம் ரோடு பிடித்தால் சுலபமாம். சனி, ஞாயிறு வேண்டாமாம், கூட்டம். என் சின்னவனின் உயரத்தை உடனே அளக்க வேண்டுமாம், உயரம் பத்தாவிட்டால் சில ரைடில் ஏற்ற மாட்டார்கள், அங்கே போய் அழுவான். இட்லி மூணுதான்.

நேற்றுப் போயிருந்தேன். காலண்டரில் நேற்றைய தேதி இருந்தது. மேஜை மேல் கிழித்த தாள்கள், பின்பக்கம் முழுக்கக் கணக்கு. கடைசி வரியில் 'அவசரம்' இருக்கிறது. இருபது ரூபாய் ஐந்நூறு ஆகியிருக்கிறது.

கிளம்பும்போது கேட் வரைக்கும் வந்தார்.

"டேய், அங்க வயசானவங்க ஏர்ற மாதிரி ரைடு எதுனா இருக்குதான்னு பாப்பாவ விசாரிக்கச் சொல்லு."

"சரிப்பா."

"பைய இந்தத் தபா நீ பாத்துக்கோ."