ஆறில்லாத ஊரில் மகாவலி

யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை. மாரிக்கு ஓடி, கோடைக்குக் காணாமற்போகும் வழுக்கையாற்றை ஆறென்று சொன்னால் மட்டக்களப்புச் சனம் சிரிக்கும். மலையும் இல்லை. 1990 ஜூனோடு யாழ்தேவி ரயிலும் நின்றுபோனது. அந்த ஊரில், அந்தப் போர்க்காலத்தில், எங்களுக்குப் புவியியல் படிப்பிக்க வந்தவ எங்கள் ரீச்சர். 335 கிலோமீற்றர் மகாவலியைக் கரும்பலகையில், மலைநாட்டில் தொடங்கி, கையெடுக்காமல் கொட்டியாரக் குடாவில் கொண்டுபோய் விடுவா. புத்தகத்தைத் திரும்பியும் பார்க்கமாட்டா.

போன மாதம் ரீச்சர் போய்விட்டா. ஸ்காபரோ, லண்டன், பாரிஸ், ஊர் என்று சிதறிக் கிடக்கிற வகுப்பு, அந்தியேட்டிக்குக் கல்வெட்டு என்கிற நினைவுமலர் அடிக்கிறது. வந்த அஞ்சலிகளைத் தட்டச்சுச் செய்கிற வேலை எனக்கு. 'அன்பின் உறைவிடம்', 'அறிவொளி தந்த கலங்கரை' என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். எழுதியவர்களில் பாதிப் பேர் அவவின் அடிமட்டத்துக்குப் பயந்து கடைசி வாங்கில் ஒளித்திருந்தவர்கள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எனக்கு நினைவிருக்கிற ரீச்சர் இப்படி:

"ராத்திரிப் பொம்பர் அடிச்சது ரீச்சர், படம் கீறேல்லை."

"உங்கட வீட்டிலையோ அடிச்சது?"

"இல்லை ரீச்சர்."

"அப்ப படம் எங்க?"

விளக்குக்கு எண்ணெய் இல்லை என்ற சாட்டும் எடுபடாது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, சொட்டு மண்ணெண்ணெயில் ஊரே படித்த காலம் அது. "பகல் முழுக்க என்ன செய்தனீ?" என்பா. கொப்பிக்கும் தட்டுப்பாடு, பத்திரிகையே கோடு போட்ட கொப்பித்தாளில் வந்தது. அதனால் முதலில் பென்சிலால் எழுத வேண்டும், திருத்திய பிறகு அதன்மேலேயே பேனையால் எழுத வேண்டும். ஒரு தாள், இரண்டு பாடம்.

சமவுயரக் கோடு எங்கள் மண்டையில் ஏறவில்லை. பிறந்ததிலிருந்து தட்டைத் தரையில் நடந்த பிள்ளைகளுக்கு எப்படி ஏறும்? ஒருநாள் பாதிப் பூசணிக்காயோடு வந்தா. மேசையில் கவிழ்த்து, கிடையாகத் துண்டு துண்டாய் வெட்டி, பெரிய துண்டிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றையும் ஒரே தாளில் வைத்துச் சுற்றிக் கோடிழுத்தா. கோடுகள் நெருங்கின இடம் செங்குத்து, விலகின இடம் மென்சாய்வு. மலையைக் கண்ணால் கண்டிராத நாங்கள் அன்றைக்கு மலையை வாசித்தோம். துண்டுகளைச் சொப்பிங் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனா. கறிக்கு.

எங்கள் கிணற்றைப் பற்றியும் அவதான் சொல்லித் தந்தா. மழைநீர் சுண்ணாம்புக்கல் வெடிப்புகளால் இறங்கி, கீழே உள்ள உவர்நீருக்கு மேல் மிதந்து நிற்கிறது. கண்டபடி இறைத்தால் உப்பு மேலேறும். நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணி, ஆழத்தில் உப்பு, அதுதான் சாட்சி. எரிபொருள் தடையால் இறைக்கிற மெசின்கள் மூலையில் கிடந்த நேரம். "கிணறுகளுக்கு இப்ப லீவு" என்றா. தோட்டக்காரப் பிள்ளைகள் ஒருவரும் சிரிக்கவில்லை.

1995 ஒக்டோபர் 30. மழை இரவில் போருக்குத் தப்பி வலிகாமமே நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தது. பிறகு சாவகச்சேரிப் பக்கம் இன்னொரு பள்ளிக்கூடத்தில், பின்னேரங்களில் எங்களுக்கு வகுப்பு நடந்தது. முதல் நாள் ரீச்சர் அழவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. "நடந்து வந்த பாதையைக் கீறுங்கோ. அளவுத்திட்டம் வேணும். வடக்கு எது எண்டு போடாத படம் படமில்லை. இருந்து எழும்பின இடங்களையும் குறியுங்கோ."

எல்லாருடைய படத்திலும் சிவப்புப் பேனை ஓடியது. அப்பம்மாவைப் பாலத்தடியில் இழந்த ஒருவன் அந்த இடத்தில் ஒரு சிலுவை மட்டும் கீறியிருந்தான். அவனுடைய படத்தை மட்டும் திருத்தாமல் கொடுத்தா. இரக்கப்பட ஊரில் எத்தனையோ பேர் இருந்தார்கள். அளவுத்திட்டம் கேட்க அவ ஒருவர்தான். அந்தக் கண்டிப்பை எடுத்துவிட்டால் கல்வெட்டில் இருப்பது வேறு யாரோ.

செத்தவீட்டில் அவவின் தங்கச்சி ஒன்று சொன்னா. ரீச்சர் பேராதனையில் படித்தவவாம். அந்தக் கம்பஸை ஒட்டித்தான் மகாவலி ஓடுகிறது. நாள்தோறும் பார்த்த ஆற்றைத்தான் எங்களுக்குக் கீறியிருக்கிறா. வகுப்பில் ஒருநாளும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ஆகவே வகுப்புத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடைமொழிகள் போதும், இருக்கிற பக்கத்துக்கு மேலேயே வந்துவிட்டன. சாவகச்சேரியில் கீறிய அந்தப் பாதைப் படம் யாருடைய வீட்டிலாவது கிடந்தால், சிவப்புப் பேனைத் திருத்தங்களோடு அப்படியே படமெடுத்து அனுப்புங்கள். கல்வெட்டின் நடுப்பக்கங்களை அதற்காக விட்டு வைத்திருக்கிறேன்.