எந்த வயதுக்கு எந்த நூல்?

பொது நூலகங்களில் சிறுவர் பகுதி பெரும்பாலும் ஒரு மூலையில் இருக்கும். குட்டையான அடுக்குகள், வண்ண அட்டைகள், சுவரில் சில படங்கள். எஞ்சிய இடம் முழுவதும் பெரியவர்களுக்கு உரியது. பதினொன்றாம் வகுப்பு மாணவர் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறார். மூலைக்குப் போக நாணம். மறுபக்கம் கை நீட்டினாலோ, 'இது உனக்குப் புரியாது' என்னும் குரல். வாசகர் ஒவ்வொருவருக்கும் உரிய நூல் உண்டு என்பதையும் நூல் ஒவ்வொன்றுக்கும் உரிய வாசகர் உண்டு என்பதையும் விதிகளாக வகுத்து, 1931ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். அரங்கநாதன். அவ்விதிகளில் வயதைப் பற்றிய பேச்சே இல்லை.

சிறுவர்களுக்கென்று எழுதப்பட்டவை பெரியவர்களைத் தொடுவது புதிதன்று. பிரெஞ்சு எழுத்தாளர் செந்த்-எக்சுபெரியின் 'குட்டி இளவரசன்' 1943இல் வெளிவந்தது. நூலைத் தம் நண்பரான ஒரு பெரியவருக்குக் காணிக்கையாக்கியமைக்காக அவர் குழந்தைகளிடம் மன்னிப்புக் கேட்கிறார். பிறகு அந்நண்பர் சிறுவராக இருந்த காலத்துக்கு அதனை உரிமையாக்கிவிடுகிறார். தமிழிலும் கிடைக்கும் அச்சிறு நூலை ஒரே மாலையில் படித்து முடிக்கலாம்.

இன்னும் நின்று பேசத்தக்கது 'டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி'. ஜப்பானிய எழுத்தாளர் டெட்சுகோ குரோயானகி தம் பள்ளி நாள்களை எழுதி 1981இல் வெளியிட்ட நூல் இது. மேசையின் மூடியை ஓயாமல் திறந்து மூடியதற்காகவும், சன்னலருகே நின்று தெருவில் போகும் இசைக்காரர்களை அழைத்ததற்காகவும் முதல் வகுப்பிலேயே பள்ளியைவிட்டு நீக்கப்படுகிறாள் டோட்டோ-சான். புதிய பள்ளியில் வகுப்பறைகள் பழைய இரயில் பெட்டிகள். தலைமையாசிரியர் கோபயாஷி அவளைத் தம் எதிரே அமரச் சொல்லி, அவள் பேசுவதையெல்லாம் ஏறக்குறைய நான்கு மணி நேரம் கேட்கிறார். இடையில் ஒருமுறைகூடக் கொட்டாவி விடவில்லை. இப்பகுதியைப் படிக்கும் இளையோர் அப்படியொரு பள்ளிக்காக ஏங்குவர். தந்தையோ தாயோ படித்தால், தம் பிள்ளை சொல்வதை இறுதியாக எத்தனை நிமிடம் கேட்டோம் என்று எண்ணிப் பார்க்க நேரும். நூல் ஒன்றுதான், படிப்பவர்க்கேற்ப அது வேறாகிவிடுகிறது.

கழிவுத் தொட்டிக்குள் விழுந்த பணப்பையைத் தேடி, அவள் உள்ளிருந்ததையெல்லாம் அள்ளி வெளியே குவிக்கும் காட்சியும் அத்தகையது. அவ்வழியே வந்த தலைமையாசிரியர் கடிந்துகொள்ளவில்லை; வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்ப உள்ளே போட்டுவிடுவாய் அல்லவா என்று மட்டும் கேட்டுச் செல்கிறார். 1945இல் வான்வழித் தாக்குதலில் அப்பள்ளி எரிந்துபோனது. வீட்டிலுள்ள பெரியவர்க்கு ஒரு மாணவர் பரிந்துரைக்கத்தக்க முதல் நூல் இதுவே. கொடுக்கும்போது எதுவும் சொல்லாமல் கொடுப்பது நல்லது.

மறுதிசையிலும் கதவு திறக்க வேண்டும். பூமணியின் 'வெக்கை' 1982இல் வெளிவந்த நாவல். கொலை இடம்பெறுவதால் இளையோர்க்கு ஆகாது என்று சிலர் அதனை விலக்கக்கூடும். ஆனால் அக்கதையின் நாயகன் சிதம்பரத்துக்கு வயது 15. அண்ணனைக் கொன்றவனைப் பழிவாங்கிவிட்டு, தந்தையோடு காட்டில் ஒளிந்து திரிகிறான். கொலை தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. பிறகு எஞ்சுவன அச்சமும் பசியும் கரிசல் நிலமும், மகனைக் காப்பதொன்றே நினைவாய் உடன் நடக்கும் ஒரு தந்தையும்தாம். பழிவாங்கலைக் கொண்டாடும் திரைக்காட்சிகளை நாள்தோறும் பார்க்க விடுகின்ற வீடு, அதன் விலை என்னவென்று காட்டும் நூலை மட்டும் மறைத்துவைப்பது பொருந்தாது. படிக்கக் கடினமான நூல்தான். படித்தபின் யாரேனும் ஒரு பெரியவரோடு பேசத் தோன்றும். அந்தப் பெரியவரும் அதைப் படித்திருக்க வேண்டும்.

பருமனைக் கண்டே பலர் ஒதுக்கிவிடும் நூல் உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. பழஞ்சுவடிகளைத் தேடிப் பதிப்பித்த முதியவராகவே அவர் மனத்தில் பதிந்திருக்கிறார். அந்நூலிலோ தமிழ் கற்றுத்தருவோரைத் தேடி ஊர் ஊராகத் தந்தையுடன் அலையும் ஓர் ஏழைச் சிறுவன் இருக்கிறான். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அவன் சேரும்போது வயது 17. ஆசிரியர் தாம் வைத்த செடிகளில் புதிதாய்த் தளிர் விட்டிருக்கிறதா என்று காலைதோறும் பார்ப்பார். அதை அறிந்த மாணவன் முன்னதாகவே எழுந்து, தளிர்களைத் தேடிக் கண்டு வைத்திருந்து காட்டுவான். அவர் அன்பைப் பெற்றால் பாடம் கிடைக்குமே என்னும் ஆசை! 'தளிர் ஆராய்ச்சி' என்னும் அப்பகுதியிலிருந்தே தொடங்கலாம். முதற்பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்னும் கட்டாயம் ஏதுமில்லை.

1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்த அவ்வரலாறு, 1942இல் அவர் மறைந்ததால் முற்றுப்பெறாமல் நின்றது. எஞ்சியதை அறிய விரும்புவோர் அவர் மாணவர் கி. வா. ஜகந்நாதனின் 'என் ஆசிரியப்பிரான்' நூலை நாடலாம்.