சாலையின் ஆயுள்

ரோமானியச் சாலைகளைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் கூடவே ஒரு பெருமூச்சும் வருவதைக் கவனித்திருக்கிறேன். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் போட்ட சாலை இன்னும் இருக்கிறது, போன வருடம் போட்ட சாலை இந்த மழைக்குத் தாங்கவில்லை என்பார்கள். கேட்கக் கவர்ச்சியான ஒப்பீடுதான். ஆனால் ரோமானியர்களின் உண்மையான சாதனை அதில் காணாமல் போய்விடுகிறது என்பது என் மனக்குறை.

அவர்களுடைய சாலைகளில் புகழ்பெற்றது அப்பியா. கி.மு. 312 இல் சென்சார் பதவியிலிருந்த அப்பியஸ் கிளாடியஸ், சாம்னியர்களுடன் போர் நடந்த காலத்தில், ரோமிலிருந்து காப்புவா வரை அதை அமைத்தார். பின்னர் அது இத்தாலியின் தென்கிழக்குக் கரையிலுள்ள பிரிந்திசித் துறைமுகம் வரை நீண்டது. தொடக்கத்தில் அது வெறும் சரளைச் சாலை. எரிமலைக் குழம்பு இறுகிய கரும்பாறைகளைப் பாவியது பிறகு, பகுதி பகுதியாக நடந்த வேலை.

பாடநூல்களில் ரோமானியச் சாலையின் குறுக்குவெட்டுப் படம் ஒன்று தவறாமல் இருக்கும். ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு அடுக்குகள். இந்தச் சித்திரத்தைப் பரப்பியவர் 1622 இல் ரோமானியப் பெருவழிகளைப் பற்றி நூல் எழுதிய பிரெஞ்சுக்காரர் நிக்கொலா பெர்ஜியே. கட்டடங்களுக்குத் தளம் போடுவது பற்றி விட்ருவியஸ் எழுதியதை அவர் சாலைகளுக்குப் பொருத்திவிட்டார். அகழ்ந்து பார்த்த இடங்களிலோ சாலைக்குச் சாலை அமைப்பு மாறுகிறது. அந்தந்த வட்டாரத்தில் கிடைத்த பொருளே அடித்தளம். சதுப்பு நிலத்தில் மரக்கட்டைகளை அடுக்கி அதன்மேல் மண் கொட்டியிருக்கிறார்கள். பேரரசின் பெரும்பாலான சாலைகள் கடைசிவரை சரளைச் சாலைகளாகவே இருந்தன. நன்றாக அமைந்த சாலைகளில் திரும்பத் திரும்பத் தென்படுவது வேறொன்று: மேடாக்கிய தளம், நடுவில் சற்று உயர்ந்து இருபுறமும் சரியும் மேற்பரப்பு, ஓரங்களில் வடிகால். சாலையின் முதல் எதிரி நீர் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

சுமையையும் அறிந்திருந்தார்கள். கி.பி. 438 இல் தொகுக்கப்பட்ட தியோடோசியச் சட்டத் தொகுப்பு, அரசு அஞ்சல் பணிக்கான கனத்த வண்டிக்குக்கூட 1500 ரோமானிய ராத்தலுக்கு மேல் ஏற்றக்கூடாது என்கிறது. நம் கணக்கில் அது 500 கிலோவுக்கும் குறைவு. 1950களின் இறுதியில் அமெரிக்காவின் இல்லினாயில் நடந்த சாலைச் சோதனை, அச்சின்மீதான சுமை இரட்டித்தால் தளத்துக்கு நேரும் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும் என்று காட்டியது. இன்றைய லாரி ஒன்றின் அச்சு அழுத்துவதை எந்த ரோமானியச் சாலையும் சுமந்ததில்லை. இதை மறந்துவிட்டு இரண்டையும் ஒப்பிடுவது நியாயமாகாது.

ரோமுக்கு வெளியே பழைய அப்பியாவில் சிறிது தூரம் நடந்திருக்கிறேன். கற்கள் இருக்கின்றன, வண்டிச்சக்கரங்கள் அறுத்த தடங்களும் இருக்கின்றன. ஆனால் இடையிலிருந்த நிரப்பு போய்விட்டதால் ஒவ்வொரு கல்லும் தனித்தனித் திட்டாக நிற்கிறது. கணுக்கால் பிறழாமல் நடப்பது சிரமம். சைக்கிளில் வந்தவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்கள். கி.பி. ஆறாம் நூற்றாண்டில் இதே சாலையைப் பார்த்த புரோகோப்பியஸ், கற்கள் ஒன்றோடொன்று சேர்ந்து வளர்ந்தவைபோல இருப்பதாக வியந்திருக்கிறார். இன்று காணக்கிடைப்பதோ, 1850களில் லூய்ஜி கானினா என்ற கட்டடக்கலைஞர் தோண்டி வெளிக்கொணர்ந்து ஒழுங்குபடுத்திய மிச்சம். 2024 இல் அப்பியா உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. சின்னமாவது வேறு, சாலையாக இருப்பது வேறு.

அது சாலையாக இருந்த காலத்தில் அதற்கு ஆட்கள் இருந்தார்கள். கி.மு. 20 இல் அகஸ்டஸ் சாலைகளின் பொறுப்பைத் தானே ஏற்று, அவற்றைக் கண்காணிக்க உயர்பதவியினரை நியமித்தார். வழியெங்கும் நின்ற மைல்கற்களில், காலத்தால் பழுதுபட்ட சாலையை இன்ன பேரரசர் செப்பனிட்டார் என்ற செய்தி மீண்டும் மீண்டும் வருகிறது. தங்கள் சாலைகள் பழுதாகின்றன என்பதை ரோமானியர்களே கல்லில் எழுதி நட்டிருக்கிறார்கள். அதை வாசிக்காமல் நாம் கல்லை மட்டும் வியந்துகொண்டிருக்கிறோம்.

அந்த உழைப்பைப் புனிதமாக்கவும் என்னால் முடியவில்லை. படைவீரர்கள், அடிமைகள், தண்டனை பெற்றவர்கள், கட்டாய வேலைக்கு இழுக்கப்பட்ட அக்கம்பக்கத்து மக்கள் ஆகியோரின் கைகள் இந்தச் சாலைகளில் இருக்கின்றன. ஸ்பார்ட்டகஸின் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபின், கி.மு. 71 இல், பிடிபட்ட ஆறாயிரம் பேர் சிலுவைகளில் அறையப்பட்டது காப்புவாவுக்கும் ரோமுக்கும் இடையே, இதே அப்பியாவின் ஓரத்தில்தான்.

பேரரசு தளர்ந்தது, செப்பனிடுவோர் குறைந்தார்கள், சாலைகள் மண்ணுக்குள் போயின. 2025 இல் வெளியான ஒரு மின்வரைபடம் ரோமானியச் சாலைகளின் மொத்த நீளத்தை ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் எனக் கணக்கிடுகிறது. அதில் துல்லியமாக இடம் தெரிந்தது மூன்று சதவீதத்துக்கும் குறைவு. அழியாதது என்று நாம் கொண்டாடுவது அந்தச் சிறு மிச்சத்தைப் பார்த்துத்தான்.

மைல்கற்களில் பேரரசர்களின் பெயர்கள் இருக்கின்றன. ஒவ்வொரு மழைக்கு முன்பும் வடிகாலில் இறங்கி மண் அள்ளியவனின் பெயர் எதிலும் இல்லை. அந்தச் சாலைகள் நூற்றாண்டுகளைத் தாண்டியதற்குக் காரணமானவர்களில் அவனை முதலில் வைக்கவே எனக்குத் தோன்றுகிறது.