ராவுலைப் பாடு!

பிரேசிலில் எந்தக் கச்சேரிக்குப் போனாலும் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழும்: "டோகா ராவுல்!" ராவுலைப் பாடு என்று கேட்கிறார்கள். மேடையில் இருப்பவர் சம்பா பாடுகிறவரா, ஜாஸ் வாசிக்கிறவரா என்றெல்லாம் பார்ப்பதில்லை. சாவ் பாவுலோவில் நான் வேலை பார்த்த காலத்தில் இதைக் கேட்டுக் கேட்டுத்தான் அந்த ராவுலைத் தேடிப் போனேன். ராவுல் செய்ஷாஸ். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

நகரத்தின் நடுவே, சாவ் ஜோவாவ் அவென்யூவில் 'கலேரியா டோ ராக்' என்று ஒரு கட்டடம் உண்டு. மாடிக்கு மாடி இசைத்தட்டுக் கடைகள். அங்கே ஒரு சின்னக் கடையில் நரைத்த தாடிக்காரர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். நான் இந்தியன் என்று தெரிந்ததும் ஒன்றும் பேசாமல் ஒரு பழைய தட்டை எடுத்து ஊசியை வைத்தார். 1974இல் வந்த 'கீதா'. நம்முடைய பகவத் கீதைதான். விபூதி யோகத்தில் கண்ணன், நதிகளில் நான் இன்னது, மலைகளில் நான் இன்னது என்று அடுக்கிக்கொண்டே போவானே, அந்தப் போக்கில் ஒரு ராக் பாட்டு. சின்னதாகத் தொடங்கி, வாத்தியங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து, முடியும்போது ஒரு பெரிய ஆராதனையாகவே ஆகிவிடுகிறது. எனக்கு அப்போது போர்த்துக்கீசியம் அரைகுறை. ஆனாலும் யார் பேசுகிறார்கள் என்பது புரிந்துவிட்டது. உடல் சிலிர்த்தது.

அந்தப் பாட்டின் வரிகளை ராவுலோடு சேர்ந்து எழுதியவர் பாவ்லோ கொய்லோ. 'ரசவாதி' எழுதிய அதே கொய்லோ. நம் ஊரில் அவர் புத்தகத்தைப் பரிசாகக் கொடுத்துக்கொள்கிறோம். அவருடைய இளமையின் முக்கியமான வருஷங்கள் முழுக்க ஒரு ராக் பாடகரோடு கழிந்தவை என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. நாவலாசிரியராக உலகம் அவரை அறியுமுன்பே அவருடைய சொற்கள் பிரேசில் முழுக்க வானொலியில் ஒலித்துக்கொண்டிருந்தன, ராவுலின் குரலில்.

ராவுல் பிறந்தது 1945 ஜூன் 28, பாஹியா மாநிலத்துத் தலைநகர் சல்வடோரில். அப்பா ரயில்வே பொறியாளர். அவரோடு உள்நாட்டு ஊர்களுக்குப் போகும்போது, ஸ்டேஷன்களில் நாட்டுப் பாடகர்கள் நின்ற இடத்திலேயே பாட்டுக் கட்டிப் பாடுவதைப் பையன் கேட்டிருக்கிறான். அக்கார்டியனோடு 'பாயாவ்' பாடிய லூயிஸ் கொன்சாகாவின் குரல் அந்த வறண்ட வடகிழக்குப் பிரதேசம் எங்கும் ஒலித்த காலம் அது. வீட்டுக்குப் பக்கத்தில் அமெரிக்கத் துணைத் தூதரகம். அங்கிருந்த பிள்ளைகளிடமிருந்து எல்விஸ் பிரெஸ்லியின் தட்டுகள் அவன் கைக்கு வந்தன. ஒரு காதில் கொன்சாகா, மறு காதில் எல்விஸ். இரண்டையும் அவர் கடைசிவரை விடவில்லை. 1972இல் ரியோவின் சர்வதேசப் பாட்டு விழாவில் ராக் அண்ட் ரோலையும் பாயாவையும் ஒரே பாட்டில் கலந்து அவர் பாடியபோதுதான் தேசம் திரும்பிப் பார்த்தது. வெளிநாட்டு இசையைப் பிரதி எடுத்தவர்கள் அங்கே நிறையப் பேர் இருந்தார்கள். தன் மண்ணின் தாளத்தை அதற்குள் உட்காரவைத்தவர்களில் ராவுலைத்தான் முதலில் சொல்வேன்.

அதற்கு முன்னால் தோல்விகள் உண்டு. 'ராவுல்சிட்டோவும் பாந்தர்களும்' என்று நண்பர்களோடு 1968இல் போட்ட தட்டு எடுபடவில்லை. பிறகு ரியோவில் ஒரு இசை நிறுவனத்தில் தயாரிப்பாளராகச் சேர்ந்து மற்றவர்களுக்குப் பாட்டுச் செய்துகொடுத்தார். இருபத்தெட்டு வயதில்தான் தன் பெயரில் முதல் தனி ஆல்பம். டார்ஸானின் போர்க் கூவலைத் தலைப்பாக வைத்த 'கிரிக்-ஹா, பாண்டோலோ!', 1973.

அந்த வருஷத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். 1964இல் வந்த ராணுவ ஆட்சி, 1968 டிசம்பரின் ஐந்தாம் சட்ட ஆணைக்குப் பிறகு குரல்வளையைப் பிடித்திருந்த காலம். பாட்டு வரிகள் தணிக்கைக்குப் போய்த்தான் வெளியே வரும். பாடகர்கள் கெட்டானோ வெலோஸோவும் கில்பெர்ட்டோ கில்லும் சிறையிருந்து, லண்டனில் அகதிகளாக வாழ்ந்து, அப்போதுதான் திரும்பியிருந்தார்கள். மறுபக்கம் 'பொருளாதார அற்புதம்' என்று அரசு முழங்கியது. நடுத்தர வர்க்கத்துக்குக் கார் கிடைத்தது, சம்பளம் கிடைத்தது. அந்த நேரத்தில் ராவுல் 'ஓரோ டி டோலோ' பாட்டைப் பாடினார். வேலை இருக்கிறது, புது கோர்செல் கார் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மிருகக்காட்சிசாலை போகிறேன். நான் சந்தோஷமாக இருக்க வேண்டாமா, ஏன் இல்லை என்று ஒருவன் தனக்குத்தானே கேட்டுக்கொள்ளும் பாட்டு. அதில் ஆட்சியைத் திட்டும் சொல் ஒன்றுகூடக் கிடையாது. ரியோ பிராங்கோ அவென்யூவில், அலுவலகக் கூட்டம் நடமாடும் தெருவில், கிட்டாரோடு நின்று அதைப் பாடினார். அந்தத் தலைமுறைக்காரர்கள் இந்தப் பாட்டைப் பற்றிப் பேசும்போது குரல் மாறிவிடுவதைக் கவனித்திருக்கிறேன்.

அடுத்து ராவுலும் கொய்லோவும் 'மாற்றுச் சமூகம்' என்ற கனவைப் பாட்டாக்கினார்கள். அதிகாரத்துக்கு அது பொறுக்கவில்லை. 1974இல் கொய்லோ பிடிக்கப்பட்டுச் சித்திரவதை செய்யப்பட்டார். இருவரும் அமெரிக்காவுக்குப் போக வேண்டியதாயிற்று. அவர்கள் இல்லாத நேரத்தில் 'கீதா' ஊரெங்கும் பரவி, சுமார் 6 லட்சம் தட்டுகள் விற்றுவிட்டது. அந்தப் பாட்டுத்தான் அவர்களைத் திரும்ப அழைத்து வந்தது.

அந்தக் கூட்டணி 1970களின் பிற்பகுதியில் தளர்ந்தது. கொய்லோ வேறு பாதையில் போனார். கிளாவ்டியோ ரொபெர்ட்டோவோடு ராவுல் எழுதிய 'மலூக்கோ பெலேஸா' 1977இல் வந்தது. என்னைக் கேட்டால் அவருடைய மிக அழகான பாட்டு அதுதான். பைத்தியம் என்று ஊர் சொன்னாலும் தன் பைத்தியத்தை அழகாகக் காத்துக்கொள்வேன் என்கிற மனசு. அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்றும் அவரை அந்தப் பெயராலேயே அழைக்கிறார்கள்.

குடி அவரை உருக்கியது. கணையம் கெட்டது, நீரிழிவு வந்தது, நிறுவனங்கள் கைவிட்டன. 1982இல் கயெய்ராஸ் என்ற ஊரில், மேடையில் நிற்பது போலி ராவுல் என்று ஜனங்கள் கூச்சலிட, அவரைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். தான் தான்தான் என்று நிரூபிக்கத் தாள் ஒன்றும் கையில் இல்லை. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

கடைசியில் கைகொடுத்தவர் அவருடைய ஊர்க்காரர், அவரைக் கேட்டு வளர்ந்த மார்செலோ நோவா. பாடக்கூடத் தெம்பில்லாத ராவுலைத் தன்னோடு மேடையேற்றி, நாடு முழுக்க ஐம்பது கச்சேரிகள். ரசிகர்கள் அவர் வரிகளை அவருக்காகப் பாடினார்கள். இருவரும் சேர்ந்து செய்த 'பிசாசின் சட்டி' ஆல்பம் 1989 ஆகஸ்ட் 19இல் வெளியானது. இரண்டு நாள் கழித்து, 21ஆம் தேதி, சாவ் பாவுலோ வீட்டில் ராவுல் இறந்து கிடந்தார். வயது 44. சல்வடோரில் புதைத்தார்கள்.

ஒவ்வொரு ஆகஸ்ட் 21ஆம் தேதியும் சாவ் பாவுலோவின் முனிசிபல் தியேட்டர் வாசலில் கூடி, செ சதுக்கம் வரை பாடிக்கொண்டே போவார்கள். தாடியும் கறுப்புக் கண்ணாடியுமாக எத்தனையோ ராவுல்கள். அவர் இறந்தபின் பிறந்த பிள்ளைகள்கூட வார்த்தை பிசகாமல் பாடுவதை நானும் அந்தக் கூட்டத்தில் நின்று கேட்டேன். 2013இல் சாவ் பாவுலோவில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் தன் கச்சேரியைத் தொடங்கியது 'மாற்றுச் சமூகம்' பாட்டோடுதான், அதுவும் போர்த்துக்கீசியத்தில்.

அந்தத் தாடிக்காரரின் கடை இன்று இல்லை. அவரும் எங்கே போனார் என்று தெரியவில்லை. ராவுலின் பாட்டுகள் இப்போது எல்லாருடைய கைப்பேசியிலும் கிடைக்கின்றன. 'ரசவாதி' படித்தவர்கள் 'கீதா'வை ஒருமுறை கேளுங்கள். பிடித்திருந்தால் 1973ஆம் வருஷத்து ஆல்பத்தை முதலிலிருந்து முடிவுவரை கேளுங்கள். மொழி தெரியாதது தடையாக இருக்காது.