அம்மா வீட்டு வரி எண்

எங்க ஊர்ல வீட்டு வரின்னா பெரிய தொகை கிடையாதுங்க. நகரத்துல இருக்கிற நீங்க அரை வருஷத்துக்குக் கட்டற சொத்து வரி, எங்க தெருவுல பல வீட்டுக்கு வருஷம் பூராவுக்கும் போதும். அப்படிப்பட்ட வரியில 225 ரூபாய் 50 காசு கூடிப்போன விஷயத்துக்கு நான் நாலு மாசம் பஞ்சாயத்து ஆபீசுக்கும் யூனியன் ஆபீசுக்கும் நடந்தேன். "வண்டிக்கு ஊத்தின பெட்ரோலே அதுக்கு மேல இருக்குமே"ன்னு எங்க பையன் சிரிச்சான். கணக்குப்படி அவன் சொன்னது சரிதான். ஆனா நான் நடந்தது அந்த ரூபாய்க்காக இல்லைங்க.

எங்க வாசல்ல மூணு கட்டடம். நாங்க இருக்கிற தார்சு வீடு 820 சதுர அடி. அதோட தெக்குச் சுவரை ஒட்டி எங்க அம்மா இருக்கிற ஓட்டு வீடு 310 சதுர அடி. அது எங்கப்பா கட்டினது. அவர் 2006-ல போன பிறகு அம்மா பேருக்கு மாத்தி, அன்னையிலிருந்து வரி ரசீதும் கரண்ட் கனெக்சனும் அம்மா பேர்லதான். பின்னாடி மாடு கட்டற தகரக் கொட்டகை 240 சதுர அடி. என் வீட்டுக்கு 410 ரூபாய் வரி, அதுமேல நூறுக்குப் பத்து வீதம் நூலக வரி 41, ஆக 451. அம்மா வீட்டுக்கு 70-ம் 7-ம், ஆக 77. ரெண்டும் சேர்த்து 528 ரூபாய் வருஷா வருஷம் கட்டிட்டிருந்தோம்.

(நூலக வரின்னு ஒண்ணு வீட்டு வரியோட சேர்ந்து வர்றது நிறையப் பேருக்குத் தெரியாது. 1948-ல மெட்ராஸ் மாகாணத்துல போட்ட நூலகச் சட்டத்துல இருந்து வர்றது. எங்கம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவங்க கட்டற ஏழு ரூபாயிலயும் எங்கியோ ஒரு புஸ்தகம் வாங்கறாங்கன்னு நான் சொன்னா, வெக்கப்பட்டுச் சிரிப்பாங்க.)

வரியெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தறாங்கன்னு ரெண்டு பசங்க டேப்போட வந்து அளந்துட்டுப் போனாங்க. நான் அப்ப காட்டுல கடலைக்காய் பிடுங்கிட்டிருந்தேன். அம்மாதான் மோர் கொடுத்து அனுப்பிச்சாங்க. அதுக்கப்புறம் வந்த கேட்புச் சீட்டுல மூணு கட்டடமும் ஒண்ணாயிருச்சு. 1370 சதுர அடி, கான்கிரீட் வீடு, உரிமையாளர் நான். வரி 685, நூலக வரி 68.50, மொத்தம் 753.50. அம்மாவோட எண்ணே காணோம்.

நான் சீட்டைப் பார்க்கிறதுக்கு முன்னாடியே திருப்பூர்ல இருக்கிற என் தங்கச்சிக்குத் தெரிஞ்சுபோச்சு. அம்மா வீட்டு வரியை வருஷா வருஷம் அவதான் போன்ல கட்டுவா. "எங்கப்பன் கட்டின வீட்டுக்கு நான் ஒண்ணாவது செய்யறேன்"னு சொல்லி அவளா எடுத்துக்கிட்ட வேலை அது. அந்த வருஷம் எண்ணைப் போட்டா வரலை. எனக்குப் போன் பண்ணினா. "ஏனுங்கண்ணா, அம்மா ஊட்டை உங்க பேருக்கு மாத்தியாச்சுங்களா?" எப்பவும் 'அண்ணா, சாப்பிட்டியா'ன்னு ஆரம்பிக்கிறவ. அவ பேச்சுல 'ங்க' கூடிப்போச்சுன்னா மனசுல ஏதோ இருக்குன்னு அர்த்தம். நான் மாத்தலைன்னு சொன்னேன். "சரிங்க"ன்னு வெச்சுட்டா. அந்த 'சரிங்க' எனக்கு ராத்திரி பூரா தூக்கம் இல்லாமப் பண்ணிருச்சு.

வீட்டு வரி ரசீது பத்திரம் ஆகாதுங்க. ரசீது இருக்கிறதால மட்டும் வீடு ஒருத்தருக்குச் சொந்தம் ஆயிறாது. கோர்ட்டுக்குப் போனா அப்படித்தான் சொல்லுவாங்க. ஆனா நத்தத்துல இருக்கிற பழைய வீடுக பலதுக்கு பத்திரமே கிடையாது. யார் குடியிருந்தாங்க, யார் அனுபவிச்சாங்கன்னு காட்டறதுக்குக் கையில இருக்கிற காகிதத்துல முக்கியமானது இந்த ரசீதுதான். கரண்ட் கனெக்சனுக்கும் அதைத்தான் கேட்கறாங்க. அம்மாவுக்குப் பின்னால அந்த வீட்டுல என் ரெண்டு தங்கச்சிகளுக்கும் என்னோட சரிபங்கு இருக்கு. இருபது வருஷம் என் பேர்லயே ரசீது விழுந்துட்டா, நான் நல்லவனாவே இருந்தாலும் என் பேரன் காலத்துல அது அத்தைமாருங்க வீடுன்னு யாருக்கு ஞாபகம் இருக்கும்?

பஞ்சாயத்து ஆபீசுல கேட்டேன். "ஒரே குடும்பந்தானுங்கண்ணா. ஒட்டுச் சுவர் வேற. உங்க பேர்ல வந்தா உங்களுக்கு நல்லதுதானுங்க?" அப்படின்னாங்க. நான் விடாம நின்னதும், "வேணும்னா மாட்டுக் கொட்டகையைக் கழிச்சு வரியைக் கொறைச்சுத் தர்றோம், எண் விஷயத்தை விட்டிருங்க"ன்னாங்க. என் வரியைக் கொறைச்சு என் வாயை அடைக்கிற வழி. வேண்டாம்னு சொல்லி, எழுதிக் கொடுக்கறதுன்னு முடிவு பண்ணினேன்.

பத்தாவது படிச்சவன் எழுதற மனுதான். ஊராட்சித் தலைவர் அவர்களுக்குன்னு போட்டு ஒரே பக்கம். மூணு கட்டடத்தோட நீள அகலத்தை வெளிச்சுவருக்கு வெளிச்சுவர் நானே அளந்து, தனித்தனியா கூரை என்ன, வாசல் எந்தப் பக்கம்னு ஒரு கோட்டுப் படம் போட்டேன். அம்மா வீட்டுக்கு மேக்குப் பார்த்த தனி வாசல், தனி அடுப்பு, தனி மீட்டர். அம்மாவோட டிரங்குப் பொட்டியில 1987-ல இருந்து ரசீது இருந்துச்சு. அப்பா பேர்ல உள்ளதும் அம்மா பேர்ல உள்ளதும் ஜெராக்ஸ் எடுத்து வெச்சேன். மனுவுல முதல் கையெழுத்து அம்மாவோட கைரேகை. வீடு அவங்களுது, கேட்க வேண்டியதும் அவங்கதான். "எனக்கெதுக்குடா கண்ணு நம்பரு, நான் போற வரைக்கும் ஓடு ஒழுகாம இருந்தாப் போதும்"னாங்க. தங்கச்சிக கேட்டதைச் சொன்னேன். பேசாம கட்டைவிரலை நீட்டினாங்க.

மனுவைக் கையில வாங்கி மேசை மேல போட்டாங்க. ஒப்புகை கேட்டா "அப்புறம் பார்க்கலாம்"னாங்க. அதனால இன்னொரு பிரதியைப் பதிவுத் தபால்ல அனுப்பி, ஒண்ணை யூனியன் ஆபீசுல வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் கொடுத்தேன். அங்க பி.டி.ஓ. ரெண்டு பேருங்க. நமக்கு வேணுங்கறது கிராம ஊராட்சியைப் பார்க்கிறவர். அது தெரியாம நடந்ததுல ரெண்டு நாள் போச்சு. விதைப்பு நேரம் வேற, ஒவ்வொரு நடைக்கும் ஒரு ஆள் கூலி.

மூணாவது மாசம் தலைவரே டேப்போட வந்தார். "ஏனுங்க மாமா, இதுக்குப் போயி யூனியன் வரைக்கும் போயிட்டீங்களே"ன்னு குறைப்பட்டுக்கிட்டார். வந்து பார்த்தவுடனே அவருக்குப் புரிஞ்சுது. அம்மா அடுப்புல புகை வந்துட்டிருந்துச்சு. "ரெண்டு வீடுதானுங்க"ன்னு அங்கியே எழுதினார்.

அடுத்த மாசம் உத்தரவு வந்துச்சு. ஓட்டு வீடு 310 சதுர அடி, அம்மா பேர்ல தனியா. பழைய எண்ணைத் திருப்பித் தர முடியாது, புது எண்தான்னாங்க. அப்படின்னா இது இன்ன பழைய எண்ணோட தொடர்ச்சின்னு உத்தரவுலயே ஒரு வரி எழுதச் சொல்லி வாங்கினேன். இல்லாட்டி 1987-ல இருந்து இருக்கிற ரசீதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லாமப் போயிரும். மாட்டுக் கொட்டகையைத் தகரக் கூரைன்னு திருத்தினாங்க, ஆனா என் கணக்குலயே விட்டுட்டாங்க. அதுக்கு ஒரு சின்னத் தொகை கூடுதலா கட்டறேன். கட்டிட்டுப் போறேன். தெருவிளக்கும் தண்ணியும் அந்தக் காசுலதான வருது.

புது எண்ணைத் தங்கச்சிக்கு அனுப்பிச்சேன். பத்து நிமிசத்துல 77 ரூபாய் கட்டி ரசீதை எனக்கு அனுப்பிட்டா. கூட ஒரு வரி: "அண்ணா, கடலை ஒரு படி எடுத்து வை."

ஊர்ல அப்பா அம்மா வீடு வெச்சிருக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். அடுத்த தடவை போறப்போ வரி ரசீதை எடுத்துப் பாருங்க. தொகையைப் பார்க்காட்டியும் பரவாயில்லை. பேர் யாருது, எத்தனை சதுர அடி, என்ன கூரைன்னு பாருங்க. தப்பா இருந்தா சீட்டுல எத்தனை நாளுக்குள்ள மனு கொடுக்கணும்னு போட்டிருக்கான்னு பார்த்து, அதுக்குள்ள எழுத்துல கொடுங்க, ஒப்புகை இல்லாம வீட்டுக்குத் திரும்பாதீங்க. பழைய ரசீது ஒண்ணையும் கரையானுக்குக் கொடுத்துறாதீங்க. தப்பு உங்களுக்குச் சாதகமா இருந்தா, அன்னைக்கே போங்க.